சத்தமில்லாத ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் மதர்போர்டு சூட்டைத் தணிக்க

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் கம்ப்யூட்டர் சத்தம் போடக் கூடாது. படத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியில் பின்னால் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால், நல்ல ஸ்பீக்கர் வாங்கிய பலன் போய்விடும். அதனால் ஹோம் தியேட்டர் பிசி அமைப்பவர்கள் முதலில் கை வைப்பது ஃபேன்களில்தான். ப்ராசஸரோடு வந்த சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டு டவர் கூலர் மாட்டுகிறார்கள். கேபினட் ஃபேனின் வேகத்தைக் குறைக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக்கூட இரைச்சல் குறைந்ததாகப் பார்த்து மாற்றுகிறார்கள். சத்தம் அடங்கிவிடுகிறது, ப்ராசஸரின் வெப்பநிலையும் முன்பைவிடக் குறைவாகவே காட்டுகிறது.

கோடை வந்ததும் தொல்லை தொடங்கும். இடைவேளைக்குப் பிறகு படம் உறையும். யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் தானாக விட்டுப்போய் மறுபடி ஒட்டும். சில நாள் காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். ப்ராசஸர் வெப்பநிலை 50 டிகிரியில் நிற்கும். ஹார்டு டிஸ்கிலும் குறை இருக்காது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்து, மதர்போர்டின் மேல் உள்ள சின்ன அலுமினிய ஹீட்சிங்கில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால், அது 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே இருக்கும் சிப்பின் சூடு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த ஹீட்சிங்கை எப்படிக் குளிர்விப்பது என்பதில் பலரும் முதலில் தேடுவது பெரிய ஹீட்சிங்க், விலை கூடிய தெர்மல் பேஸ்ட். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அவை இரண்டுமே முதல் தேவை அல்ல. மதர்போர்டின் மேல் மெதுவாக நகரும் காற்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எந்தப் பாகம் சுடுகிறது?

மதர்போர்டில் சூடாகும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று சிப்செட். இன்னொன்று, ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் பகுதி.

சிப்செட்டின் கதை மதர்போர்டின் வயதைப் பொறுத்தது. பழைய இன்டெல் போர்டுகளில் நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ் என்று இரண்டு சிப்கள் இருந்தன. மெமரியைக் கட்டுப்படுத்துவதும், பல போர்டுகளில் திரையில் படம் காட்டுவதும்கூட நார்த்பிரிட்ஜின் வேலை. 2008இல் வந்த ஜி45 சிப்செட்டுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 24 வாட். அந்தக் காலத்தில் ஹோம் தியேட்டர் பிசிக்கு விரும்பி வாங்கப்பட்ட சிப் அது. ஏஎம்டி 2003லேயே அத்லான் 64இல் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல்லின் சாதாரண போர்டுகளில் 2009இல் வந்த பி55 முதல் ஒரே சிப்தான். அதற்குப் பின் வந்த எச்61, பி75, எச்110 போன்றவை எல்லாம் 6 முதல் 7 வாட்டுக்குள் அடங்குபவை. இடையில் ஏஎம்டியின் எக்ஸ்570 மட்டும் 2019இல் சுமார் 11 வாட்டுடன் வந்து, பெரும்பாலான போர்டுகளில் சிப்செட்டுக்கென்று ஒரு குட்டி ஃபேனையே கொண்டுவந்தது.

விஆர்எம் பக்கம் வருவோம். எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட். அந்த மாற்றத்தைச் செய்வது ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட், காயில், கெபாசிட்டர் கூட்டம். ப்ராசஸர் 65 வாட் எடுக்கும்போது இந்த மாற்றம் 88 சதவீதத் திறனுடன் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 9 வாட் அங்கேயே சூடாகப் போய்விடுகிறது. விரல் நகம் அளவுள்ள சில பாகங்களில் அந்த 9 வாட்டும் இறங்குகிறது. விலை குறைந்த போர்டுகளில் இந்த இடத்துக்கு ஹீட்சிங்கே கிடையாது.

ஹீட்சிங்க் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? பெட்டியோடு வரும் ப்ராசஸர் கூலரை நம்பித்தான். இன்டெல்லின் வட்டக் கூலரும் ஏஎம்டியின் ரெய்த் கூலரும் காற்றை மேலிருந்து போர்டை நோக்கிக் கீழே தள்ளுபவை. ப்ராசஸரைக் குளிர்வித்த காற்று போர்டில் மோதி நாலாபக்கமும் சிதறி, மாஸ்ஃபெட்களையும் கெபாசிட்டர்களையும் மெமரியையும் சிப்செட்டையும் தடவிக்கொண்டு போகும். வழக்கமான வடிவமைப்பு இந்தக் காற்றையும் கணக்கில் வைத்திருக்கிறது. டவர் கூலர் மாட்டினால் அந்தக் காற்று போர்டுக்கு இணையாக, பல சென்டிமீட்டர் உயரத்தில் ஓடிவிடும். தண்ணீர் கூலர் என்றால் சாக்கெட் அருகே காற்றே இருக்காது. சத்தத்தைக் குறைக்கச் செய்த நல்ல மாற்றமே மதர்போர்டுக்குக் கிடைத்துவந்த காற்றைப் பறித்துவிடுகிறது. ப்ராசஸர் குளிர்ந்திருக்க, போர்டு கொதிப்பது இதனால்தான்.

மூடிய அறையில் மேஜை மேல் வைத்த சூடான பால் ஆற வெகு நேரம் எடுக்கும். அதே டம்ளரை மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் சீக்கிரம் ஏடு கட்டிவிடும். டம்ளர் மாறவில்லை, பாலும் மாறவில்லை. ஹீட்சிங்கிலும் அதுவே. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு மோசம். ஹீட்சிங்கின் தகடுகளை ஒட்டி நிற்கும் சூடான காற்றுப் படலத்தை நகர்த்திவிட்டால் போதும், அதே உலோகம் கூடுதல் வெப்பத்தை விடும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு வாட் வெப்பத்துக்கு ஒரு ஹீட்சிங்க் எத்தனை டிகிரி ஏறும் என்பதை வெப்பத் தடை என்பார்கள். சிப்செட்டின் மேல் உள்ள சிறு ஹீட்சிங்க் அசையாத காற்றில் வாட்டுக்கு 6 டிகிரி ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 6.7 வாட் பி75 சிப் முழு வேலையில் இருந்தால் 40 டிகிரி ஏற்றம். மே மாதத்தில் ஏசி இல்லாத ஹால் 35 டிகிரி. டிவி ஸ்டாண்டுக்குள் மூடிக் கிடக்கும் கேபினட்டின் உள்காற்று 43. ஆக, ஹீட்சிங்க் 83 டிகிரி. மெதுவான காற்று ஒன்று அதன் மேல் போய், தடை பாதியாகி, உள்காற்றும் 39க்கு இறங்கினால், ஹீட்சிங்க் 59 டிகிரி. ஒரு ரூபாய்க்குக்கூட உலோகம் வாங்காமல் 24 டிகிரி இறக்கம். எண்கள் போர்டுக்குப் போர்டு மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இங்கே இன்னொன்று. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலைகள் பெரும்பாலும் 22, 23 டிகிரி அறையில் எடுத்தவை. நம் கோடைக்கு அவற்றோடு 12 டிகிரியாவது கூட்டிப் படிக்க வேண்டும். அங்கே ஃபேனே இல்லாமல் நன்றாக ஓடிய அமைப்பு திருச்சியிலோ வேலூரிலோ ஓடாமல் போவதற்கு இந்தப் 12 டிகிரியே காரணம்.

சிப்கள் இந்தச் சூட்டைத் தாங்கிவிடும். பெரும்பாலான மாஸ்ஃபெட்கள் 125 டிகிரிக்கு மேலும் தாங்குபவை. தாங்காதவை பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். 105 டிகிரி என்று அச்சிட்ட கெபாசிட்டருக்கு அந்தச் சூட்டில் சில ஆயிரம் மணி நேரமே ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பழைய போர்டாக இருந்தால் டார்ச் அடித்து அவற்றின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தொப்பி, அதில் கீறியிருக்கும் கோடுகளை ஒட்டி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தாலோ, ஹீட்சிங்கை மாற்றிப் பயனில்லை. முதலில் கெபாசிட்டரை மாற்ற வேண்டும். புதிய போர்டுகளில் உள்ள பாலிமர் கெபாசிட்டர்கள் இதைவிட நன்றாக உழைக்கும்.

அளந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்; லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை. சிப்செட் சூடு பிசிஎச் என்ற பெயரிலும், விஆர்எம் சூடு அதே பெயரிலோ மாஸ் என்றோ வரும். பழைய அல்லது மலிவான போர்டுகளில் இந்த சென்சார்கள் இருக்காது. அப்போது கே வகைத் தெர்மோகப்பிள் வயர் போடும் மல்டிமீட்டர் உதவும். வயர் நுனியை ஹீட்சிங்கின் அடித்தகட்டில் வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டி, வயரை வெளியே எடுத்து, மூடியை மூடிவிடுங்கள். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தை அது உள்ளதைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப் சூடேறிய பின் அதைக் குறிவைத்து அளந்தால் சரியாக வரும். நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

மூடியைத் திறந்து வைத்து அளப்பது வீண். கேபினட் அதன் வழக்கமான இடத்தில், மூடி போட்டு, இருப்பதிலேயே கனமான 4கே படத்தை ஒரு மணி நேரம் ஓட்டி, எண் ஏறாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ‘அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல்’ என்பதே நமக்கு வேண்டிய எண். வெறும் எண்ணை வைத்துக்கொண்டால், டிசம்பரில் செய்த மாற்றமெல்லாம் பலித்தது போலவும், மே மாதத்தில் செய்ததெல்லாம் வீணானது போலவும் தோன்றும். என் கணக்கில் சிப்செட் 70 டிகிரிக்குள், விஆர்எம் 85க்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். சிப்செட் 80ஐயும் விஆர்எம் 100ஐயும் தொட்டால் வேலையில் இறங்க வேண்டும்.

சூடு உண்டாவதையே குறைக்கலாம்

பணம் செலவாகாத வழி இது. படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள். 60, 70 சதவீதம் காட்டினால், படத்தை விரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் பகுதி செய்யவில்லை, ப்ராசஸரே முழுக்கச் சுமக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுமை அப்படியே விஆர்எம்மின் தலையில் விழும். கோடி என்ற மீடியா பிளேயரிலும் மற்ற பிளேயர்களிலும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற அமைப்பு உண்டு. அதை ஆன் செய்யுங்கள். ப்ராசஸரின் வயதும் இங்கே முக்கியம். இப்போதைய 4கே படங்களில் பெரும்பகுதி 10 பிட் எச்இவிசி வடிவத்தில் வருபவை. இன்டெல்லில் ஏழாம் தலைமுறை முதல்தான் இதற்கு முழு ஹார்டுவேர் ஆதரவு உண்டு. ஆறாம் தலைமுறைக்கு 8 பிட் மட்டும் சரளமாக வரும். அதற்கும் முந்திய ப்ராசஸரில் இந்தப் படங்களை ஓட்டுவதைவிட 1080 பிரதியை ஓட்டுவது போர்டுக்கு நல்லது. அல்லது ஆதரவுள்ள சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று போடலாம்.

பயாஸுக்குள் போனால் ப்ராசஸரின் மின்வரம்பைக் குறைக்கும் இடம் இருக்கும். ஏஎம்டி ரைசனில் ஈகோ மோடு. இன்டெல்லில் நீண்டநேர மின்வரம்பை 35 வாட்டுக்கு இறக்கிவிட்டாலும் படம் பார்ப்பதில் எந்த வித்தியாசமும் தெரியாது. பயன்படுத்தாத சீரியல் போர்ட், இரண்டாவது லேன், கூடுதல் சாட்டா கன்ட்ரோலர் இவற்றை அணைத்து வைக்கலாம். இதனால் சிப்செட்டில் கிடைக்கும் லாபம் சிறியது. ஆனாலும் ஒருமுறை செய்தால் போதும்.

காற்றுக்கு வழி

இனி முக்கிய வேலை. புதிதாக அமைப்பவராக இருந்தால், ப்ராசஸருக்கு மேலிருந்து கீழே ஊதும் தாழ்ந்த கூலரையே வாங்குங்கள். நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ வெறும் 37 மில்லிமீட்டர் உயரம். டிவிடி பிளேயர் போன்ற தட்டையான கேபினட்டிலும் உட்காரும். டவர் கூலரைவிட இது ப்ராசஸரைச் சில டிகிரி கூடுதலாக விட்டுவைக்கும். படம் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அது பொருட்டே இல்லை. பதிலுக்கு சாக்கெட்டைச் சுற்றிய பகுதி முழுவதும் காற்று பெறும்.

டவர் கூலர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அதன் ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கிகளைத் தளர்த்தி, ஃபேனை ஒன்றரை சென்டிமீட்டர் போர்டின் பக்கம் இறக்கி மாட்டிப் பாருங்கள். மெமரி இடிக்காத அளவுக்கு. ஃபேனின் கீழ்விளிம்பு தகடுகளுக்கு வெளியே தொங்கும்போது, அங்கிருந்து வரும் காற்று போர்டைத் தடவிக்கொண்டு மாஸ்ஃபெட்களின் மேல் ஓடும். இந்தச் சின்ன நகர்த்தலே பல நேரம் போதுமானதாகிவிடும்.

போதாவிட்டால் போர்டுக்கென்று தனியாக ஒரு ஃபேன் வைக்க வேண்டியதுதான். இங்கே பலர் செய்வது, ஹீட்சிங்கின் மேல் நேராக 40 மில்லிமீட்டர் ஃபேனைத் திருகுவது. தயவுசெய்து அதைத் தவிருங்கள். குட்டி ஃபேன் காற்றுத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்ற வேண்டும். அதன் கீச்சொலி சோபா வரை கேட்கும்; சின்ன பேரிங் சீக்கிரம் தேய்ந்து கரகரக்கவும் ஆரம்பிக்கும். 92 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேனை 600 முதல் 800 சுற்றில் ஓட்டுங்கள். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதன் பலன் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது சுற்றுவதே தெரியாது.

வைக்கும் விதத்துக்கு வருகிறேன். ஃபேனின் நடுவில் மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே காற்று மிகக் குறைவு. அதனால் ஹீட்சிங்க் ஃபேனின் மையத்துக்கு அடியில் வரக் கூடாது, இறக்கைகளுக்கு அடியில் வர வேண்டும். ஹீட்சிங்கிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி நிற்கட்டும். ஒட்டி வைத்தால் இறக்கை காற்றை வெட்டும் இரைச்சல் கூடும். பிடிமானத்துக்கு, காலியாக உள்ள எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டில் மாட்டும் உலோகத் தாங்கி கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால் கேபினட்டின் குறுக்குச் சட்டத்தில் கேபிள் டை போட்டு, நடுவில் ரப்பர் துண்டு வைத்துக் கட்டலாம். ரப்பர் இல்லாமல் இறுக்கினால் தகரம் அதிர்ந்து, ஃபேன் எழுப்பாத சத்தத்தைக் கேபினட் எழுப்பும்.

வேகத்தை பயாஸில் குறைப்பதே நல்லது. நாலு பின் ஃபேன் என்றால் பிடபிள்யூஎம், மூன்று பின் என்றால் டிசி முறை. சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் நின்றபின் அதே 5 வோல்ட்டில் மறுபடி கிளம்பாது. குறைத்த பிறகு கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து, போட்டுப் பார்த்து, ஃபேன் கிளம்புகிறதா என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயருக்கும் சிவப்பு வயருக்கும் நடுவே ஃபேனைக் கொடுத்து 7 வோல்ட் எடுக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. ஃபேன் ஷார்ட் ஆனால் 5 வோல்ட் லைனில் உள்ள டிஸ்க்குகளுக்கு ஆபத்து. வேகம் குறைக்கும் ரெசிஸ்டர் வயர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும்போது அந்த வித்தைக்கு அவசியமில்லை.

உள்ளே சுழலும் காற்று வெளியேற வழி இல்லையென்றால் சூடான காற்றையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருப்போம். கேபினட்டின் பின்பக்கம் ஒரு மெதுவான ஃபேன் வெளியே தள்ளட்டும். குளிர்ந்த காற்று வரும் ஓட்டைகள் போர்டின் மறுகோடியில் இருக்கட்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கும் ஓட்டைகளை டேப் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் காற்று குறுக்கு வழியில் அங்கேயே நுழைந்து அங்கேயே வெளியேறும், போர்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்டேஷனரி கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, வரும் காற்றை ஹீட்சிங்கின் மேல் திருப்பும் ஒரு சரிவு செய்து ஒட்டலாம். கத்தரிக்கோலும் இருபக்க டேப்பும் போதும்.

கேபினட் இருக்கும் இடமும் கேபினட்டின் ஒரு பாகம் என்றே நினையுங்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் முழு பிளைவுட் பலகை என்று அடைத்த டிவி ஸ்டாண்டில் எந்த ஹீட்சிங்கும் வேலை செய்யாது. பின்பலகையில் மேலும் கீழுமாக இரண்டு பெரிய துளைகள் போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை. கேபினட்டுக்கு மேல் நாலு விரல் இடமாவது காலியாக இருக்கட்டும். ஏவி ரிசீவரின் மேல் கம்ப்யூட்டரை வைப்பது இருப்பதிலேயே கெட்ட இடம். ரிசீவர் தானே அடுப்புப் போலக் கொதிக்கும் பொருள். இரண்டின் சூடும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டிய நேரம்

காற்று கொடுத்தும் சிப்செட் இறங்கவில்லையா? ஹீட்சிங்க் மிதமாகச் சுட்டு, சென்சார் மட்டும் மிக அதிகமாகக் காட்டுகிறதா? அப்படியானால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தொடர்பு கெட்டிருக்கிறது. எட்டு பத்து வருடப் போர்டுகளில் இது சகஜம்.

போர்டை வெளியே எடுத்துத் திருப்பினால், ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முள்களின் நுனிகள் பின்பக்கம் இரண்டிதழாக விரிந்து தெரியும். சிறு மூக்குக் குறட்டால் இரண்டிதழையும் சேர்த்து அழுத்தினால் முள் உள்ளே போய்விடும். ஹீட்சிங்க் உடனே கையோடு வராது. பழைய பசை இறுகிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பக் கூடாது; பல சிப்களில் நடுவே உள்ள சிலிக்கான் சதுரம் மூடியில்லாமல் வெறுமையாக இருக்கும், அதன் மூலை பெயர்ந்தால் போர்டு போனதுதான். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டியிருந்தால் பசை இளகியிருக்கும். அந்தச் சூட்டோடு ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகினால் ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுக்கும். திருகியும் அசையவே இல்லையென்றால் அது எபாக்ஸி போட்டு ஒட்டியது. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கழன்று வந்ததும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல உதிரும் சாம்பல் நிறப் பசை இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். மெழுகு பேட் இருந்து, அதில் சிப்பின் சதுரத் தடம் ஒரு மூலையில் மட்டும் அழுந்தியிருந்தால், இத்தனை வருடமும் ஹீட்சிங்க் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கத்தையும் பளிச்சென்று துடைத்து, பயறு அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, நேராக அழுத்தி மாட்டுங்கள். சாதாரணமான நல்ல பேஸ்ட் போதும். இத்தனை சின்ன சிப்பில் விலை கூடிய பேஸ்ட் காட்டும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான்.

விஆர்எம்மின் ஹீட்சிங்குக்கு மட்டும் பேஸ்ட் போடக் கூடாது. அங்கே மாஸ்ஃபெட்கள் ஒன்றுக்கொன்று உயர வித்தியாசத்துடன் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதோடு மின்தடுப்பாகவும் இருப்பது தெர்மல் பேட். பழைய பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில், அரை மில்லிமீட்டரோ ஒன்றோ ஒன்றரையோ, அளந்து வாங்குங்கள். கூடுதல் தடிமன் போட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மறுபக்கம் தொடாமல் போகும், போர்டும் வளையும்.

பெரிய ஹீட்சிங்க் வாங்கலாமா என்ற கேள்விக்குப் போர்டின் வயதே பதில். இரண்டு சிப் காலத்தில் அது நியாயமான செலவு. ஜால்மனின் நீல நிற இசட்எம்-என்பி47ஜே, தெர்மல்ரைட்டின் எச்ஆர்-05, நாக்டுவாவின் என்சி-யு6 ஆகியவை நார்த்பிரிட்ஜுக்கென்றே வந்தவை. இன்றைய 6 வாட் சிப்புக்கு அவை தேவையில்லை. பழைய ஜி45 போன்ற போர்டு வைத்திருப்பவர்களுக்கு செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாம். துளை இடைவெளியை அளந்து பார்த்துவிட்டு. ஹீட்சிங்க் சதுரமாக இருந்து, போர்டு செங்குத்தாக நிற்கும் கேபினட்டாகவும் இருந்தால், தகடுகளின் சந்துகள் கீழிருந்து மேலாக ஓடும்படி திருப்பி மாட்டுங்கள். சூடான காற்று மேலே ஏற வழி கிடைக்கும்.

ஹீட்சிங்கே இல்லாத மாஸ்ஃபெட்களின் மேல் ஒட்டும் குட்டிச் செம்புத் துண்டுகளும் விற்கிறார்கள். அவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இந்த வகை மாஸ்ஃபெட்களில் பெரும்பாலானவை வெப்பத்தைக் கீழ்ப்பக்கம், போர்டின் செம்புப் படலத்துக்குள் இறக்கும்படி செய்யப்பட்டவை. மேலே உள்ள பிளாஸ்டிக் உடல் வழியாக வருவது கொஞ்சம்தான். போர்டின் மேல் ஓடும் காற்றோ அந்தச் செம்புப் பரப்பு முழுவதையும் குளிர்விக்கும். அதோடு, செங்குத்தான போர்டில் ஒட்டுப்பசை சூட்டில் இளகி அந்தத் துண்டு கீழே உள்ள கார்டின் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

ஃபேனே வேண்டாம் என்று ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்ற முழு அமைதிக் கேபினட்டுகளை விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் ப்ராசஸரின் சூடு ஹீட்பைப் வழியாகக் கேபினட்டின் பக்கச் சுவருக்குப் போய்விடும், அழகான வேலைப்பாடு. ஆனால் விஆர்எம்முக்கும் சிப்செட்டுக்கும் அந்த வழி இல்லை, உள்ளே அசையாமல் நிற்கும் காற்றுதான். இன்டெல்லின் டி வரிசை போன்ற 35 வாட் ப்ராசஸரும், விஆர்எம் ஹீட்சிங்க் உள்ள போர்டும், மேலும் கீழும் திறப்புள்ள கேபினட்டும் சேர்ந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். ஏசி இல்லாத நம் ஹாலுக்கு என் தீர்ப்பு, ஃபேனே இல்லாததைவிட மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேன் மேல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே படத்தை அதே ஒரு மணி நேரம் ஓட்டி அளந்து எழுதுங்கள். அறையைவிட 30 டிகிரிக்குள் சிப்செட் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் செலவழிப்பது காதுக்கும் தெரியாது, போர்டுக்கும் தெரியாது. அதன் பின் பராமரிப்பு ஒன்றே பாக்கி. வருடத்துக்கு இரண்டு முறை, அதில் ஒன்று கட்டாயம் மார்ச் பிறப்பதற்குள், மூடியைத் திறந்து ஹீட்சிங்கின் சந்துகளில் படிந்த தூசியை பிரஷ்ஷும் புளோயரும் கொண்டு எடுத்துவிடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்து அதிவேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும், அது உண்டாக்கும் மின்சாரம் போர்டுக்கும் போகும்.